சபை கலைக்கும் நோய்

நாற்பது வயது தாண்டியும் மானியுஸ் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. ரோமிலேயே பிறந்தவன், குடியுரிமை உள்ளவன், சுபூரா வட்டத்தில் பெயர் பதிந்தவன். ஓட்டுச் சில்லுகளைப் போடுவதற்கென்று சபைத் திடலில் வைக்கும் உயரக் கூடைகளில் பாதி அவன் கையால் பின்னியவை. ஆனாலும் சபை கூடும் நாள் விடிந்தால் தெருக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கதவருகே வந்து, "மானியுஸ், இன்னிக்கு வீட்டோடயே இருய்யா. வெளியில காத்து சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காற்றுக்கு ஒரு குறையும் இருக்காது.

அவனுக்கு வலிப்பு நோய். ரோமில் அதற்குச் சபை நோய் என்று பெயர். மக்கள் சபை கூடியிருக்கும் இடத்தில் ஒருவன் வலிப்பு வந்து விழுந்தால், நடக்கும் காரியம் தேவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். எத்தனை ஆயிரம் பேர் கூடியிருந்தாலும், மேடையில் எவ்வளவு பெரிய மனிதர் நின்றாலும், சபையைக் கலைத்து வேறொரு நாள் கூட்ட வேண்டும். பாட்டன் முப்பாட்டன் காலத்துச் சட்டம். அதனால் மானியுஸ் சபைப் பக்கம் வருவது ஓட்டுக் கேட்பவர்களுக்குப் பிடிக்காது.

வாலிப வயதில் ஒரு தடவை யார் பேச்சையும் கேட்காமல் போனான். நதியோரத் திடலில் பெரிய தேர்தல். அவன் வட்டத்தின் முறை வருவதற்குள் விழுந்தான். ஊரே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. ஜெயிக்கவிருந்தவர்களின் ஆட்கள் விலாவில் மிதித்தார்கள். தோற்கவிருந்தவர்கள் மறுநாள் ஒரு முழுப் பன்றித்தொடை அனுப்பினார்கள். விலா எலும்பு முறிந்து படுத்திருந்தவனால் உட்கார முடியவில்லை. பன்றித்தொடையை அவன் அம்மா தின்று தீர்த்தாள்.

அன்றைக்கு அவனைத் திடலிலிருந்து தூக்கிவரச் செய்தவர் ஒபீடியுஸ். மானியுஸின் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகப் புரவலராக இருந்த வீட்டின் தலைவர். தன் பல்லக்கையே கொடுத்து, வைத்தியர் நூமிசியுஸ் வீட்டுக்கு அனுப்பினார். அங்கேதான் நூமிசியா இருந்தாள்.

நூமிசியா அந்த வீட்டில் அடிமையாகப் பிறந்தவள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நோயாளிகளின் பக்கத்தில் வளர்ந்தவள். படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் புண் வராமல் புரட்டிப்போடுவது, காய்ச்சல்காரரின் சிறுநீர் நிறம் பார்ப்பது, சாகப்போகிறவரின் உறவினர்களை அறையிலிருந்து வெளியேற்றுவது, இதெல்லாம் அவளுக்குப் பத்து வயதிலேயே பாடம். வைத்தியர் செத்தபோது உயிலில் அவளுக்கு விடுதலை எழுதியிருந்தார், வழக்கப்படி தன் பெயரையும் அவளுக்கு விட்டுவிட்டுப் போனார். விடுதலை கிடைத்த பிறகு அவள் செய்த முதல் காரியம், கூடைக்காரன் மானியுஸைக் கட்டிக்கொண்டது.

ஏன் இவனைப் போய் என்று கேட்காதவர்கள் இல்லை. "குடிச்சிட்டு வந்து அடிக்கிறவனைக் கட்டிக்கிட்டவளுங்க எல்லாம் என்கிட்ட வந்து ஏன்னு கேக்கறாளுங்க. என் ஆளு மாசத்துல ஒண்ணு ரெண்டு தரம் விழுவாரு. எந்திரிச்சதும் கூடை பின்னுவாரு. அவ்வளவுதான்" என்பாள்.

அவனுக்காக மாடி வேண்டாம் என்று கடைக்குப் பின்னால் வெளிச்சமில்லாத தரைத்தள அறை ஒன்றைப் பிடித்தாள். படுக்கையைத் தரையிலேயே போட்டாள். அடுப்பை முற்றத்துக்கு மாற்றினாள். வலிப்பு வந்தவனைக் கண்டால் துப்புவது ஊர் வழக்கம். துப்பினால் நோய் தன்னிடம் வராதாம். நூமிசியா அதைத் தடுக்கவில்லை. "துப்புங்க. துப்பினவங்க துடைச்சிட்டுப் போகணும்" என்று ஒரு துணியைக் கதவில் மாட்டிவைத்தாள். இரண்டு மாதத்தில் துப்புகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

மானியுஸின் அம்மா இருந்தவரை வேறு வைத்தியங்கள் நடந்தன. செத்துக்கொண்டிருக்கும் வாள்வீரனின் ரத்தத்தைச் சூடாகக் குடித்தால் குணமாகும் என்று அவனைப் பந்தயத் திடலுக்கே இழுத்துப்போனாள். அவன் குடித்ததைவிட வாந்தியெடுத்தது அதிகம். நூமிசியாவின் வைத்தியம் எளிமையானது. விழுந்தால் அழுத்திப் பிடிக்காதே. ஒருக்களித்துப் போடு. வாயில் எதையும் திணிக்காதே. தலைக்கடியில் துணி வை. காத்திரு.

இப்படியே வருஷங்கள் போயின. சீஸரைக் கொன்றார்கள். கொன்றவர்கள் ஓடினார்கள். அதற்கு மறுவருஷம் நவம்பர் கடைசியில், ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்த மூன்று தலைவர்கள் சமாதானமாகி, ஆளுக்கொரு நாளாகப் படையோடு ஊருக்குள் வந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே பெரிய வீடுகள் சிலவற்றில் கொலை விழுந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் வைத்தே வெட்டினார்களாம். யாரை, எதற்கு என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

மூன்றாமவரும் ஊருக்குள் வந்த அன்று மத்தியானம் பாம்ஃபிலுஸ் வந்தான். ஒபீடியுஸ் வீட்டுக் காரியஸ்தன். பேச்சில் எண்ணெய் வழியும். எப்போதும் பின்னால் இரண்டு ஆட்களோடு வருகிறவன் அன்றைக்குத் தனியாக, பழைய மேலங்கியால் தலையையும் சேர்த்து இழுத்து மூடிக்கொண்டு வந்தான். அதைப் பார்த்ததுமே நூமிசியாவுக்குப் பிடிக்கவில்லை.

"என்ன மானியுஸ், கூடையெல்லாம் நல்லா ஓடுதா?"

"எங்கங்க ஓடுது? இங்கயேதான் கிடக்குது. பட்டாளம் எறங்கினதுல இருந்து சந்தைக்கு ஒரு ஈ காக்கா வரல."

பாம்ஃபிலுஸ் சிரித்தான். சிரிப்பு சட்டென்று நின்றது. "நாளைக்குச் சபை கூடுது. ஐயா உன்னை வரச் சொன்னாரு."

மானியுஸின் கையிலிருந்த பிரம்பு அப்படியே நின்றது. பிறந்ததிலிருந்து யாரும் அவனிடம் சபைக்கு வா என்று சொன்னதில்லை.

விஷயம் இதுதான். அந்த மூவருக்கும் ஐந்து வருஷத்துக்கு எல்லா அதிகாரத்தையும் கொடுக்கும் சட்டத்தை நாளைக்கே மக்கள் முன் வைத்து நாளைக்கே ஓட்டெடுக்கப்போகிறார்கள். மூன்று சந்தை நாள், கிட்டத்தட்ட இருபது நாள், முன்னதாக அறிவிக்க வேண்டிய சட்டத்துக்கு ஒரு பொழுதுகூட அவகாசம் இல்லை. நிறைவேறிவிட்டால் யாரை வேண்டுமானாலும் கொல்லலாம், மேல்முறையீடு கிடையாது. ஒபீடியுஸ் போன வருஷம் செனட்டில் அந்த மூவரில் ஒருவரை வாய்க்கு வந்தபடி பேசியிருந்தார்.

"ஊர் வாசல் பூரா காவல்" என்றான் பாம்ஃபிலுஸ். "இப்போதைக்குச் சட்டம் இல்லாம ஐயா மேல கைவைக்கக் கொஞ்சம் கூசறாங்க. கையில சட்டம் வந்துட்டா கூச்சம் எதுக்கு? சபை தள்ளிப்போச்சுன்னா பத்து இருபது நாள் கிடைக்கும். காவல் தளரும். ஐயா எப்படியாவது கடற்கரைக்குப் போயிடுவாரு."

நூமிசியாவுக்குப் புரிந்துவிட்டது. "அதுக்கு இவரு நடுத்திடல்ல விழணும். அதானே?"

"விழுந்தா நல்லது."

"இவரு என்ன கோழியா, சொன்ன நேரத்துக்கு முட்டை போட?"

பாம்ஃபிலுஸ் மேலங்கிக்குள்ளிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துப் பிரித்தான். உள்ளே முஷ்டி அளவு கறுப்புக் கல். நூமிசியா அதைப் பார்த்திருக்கிறாள். அடிமைச் சந்தையில் ஆள் வாங்குகிறவர்கள் அந்தக் கல்லைக் கொளுத்தி, அடிமையின் மூக்குக்கு நேரே பிடிப்பார்கள். வலிப்பு உள்ளவனாக இருந்தால் அந்தப் புகையில் விழுந்துவிடுவான் என்று நம்பிக்கை.

"கிளம்பறதுக்கு முன்னாடி அரைநாழிகை இந்தப் புகையைக் குடிச்சிட்டு வந்தாப் போதும்" என்றான்.

அவள் கையை நீட்டிக் கல்லை வாங்கிக்கொண்டாள். பாம்ஃபிலுஸ் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொல்லைப்பக்கம் போய்ப் பொதுக் கக்கூஸ் குழியில் போட்டுவிட்டு வந்தாள்.

"எங்கடி கல்லு?"

"போக வேண்டிய இடத்துக்குப் போச்சு."

மானியுஸ் எழுந்து நின்றான். அவன் கோபப்படுவது அபூர்வம். "அந்த வீட்டு உப்பைத் தின்னு வளந்தவன் நான். மிதிபட்டுக் கிடந்தப்போ அவர் பல்லக்குலதான் வந்தேன். நீ எனக்குக் கிடைச்சதே அவராலதான். இன்னிக்கு வாய்விட்டு ஒரு உதவி கேக்கறாரு, கக்கூஸ்ல போட்டுட்டேங்கற?"

"அவரு வான்னு கூப்புடறது உன்னை இல்லய்யா. உன் வலிப்பை."

"ரெண்டும் ஒண்ணுதானே? என் பொறப்பு முழுக்க இந்த நோயால ஒரு பிரயோஜனம் இல்ல. வராத, வராதன்னுதான் கேட்டிருக்கேன். இது ஒரு உசுரைக் காப்பாத்தும்னா காப்பாத்திட்டுப் போகட்டுமே."

"திடல் பூரா பட்டாளம் நிக்கும். போன தடவை செருப்புக் காலால மிதிச்சாங்க. இந்தத் தடவை வாள் இருக்கும் கையில."

"எவன் தொடுவான்? நேத்து வந்த சட்டமா இது? விழுந்தவனைப் பாத்தா ரோமன் எவனா இருந்தாலும் திரும்பித்தான் போகணும். அவனுங்களும் ரோமனுங்கதானே?"

சபை கலையும் என்பதில் அவளுக்கும் சந்தேகமில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதில் யாருக்காவது சந்தேகம் வருமா? அவள் பயந்ததெல்லாம் கலைந்த பிறகு விழும் அடியைப் பற்றித்தான்.

"கல்லு இல்லாட்டி என்ன? நானா விழறேன். நாப்பது வருஷமா விழுந்தவனுக்கு விழத் தெரியாதா?" என்றான் மானியுஸ்.

அவனுக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். வலிப்பில் விழுகிறவன் தான் விழுவதைப் பார்த்ததே இல்லை. ஆனால் வாதாடிப் பயனில்லை. நாளைக்கு அவன் போகத்தான் போகிறான். தடுக்க முடியாத நோயாளியோடு கூடவே போவதுதான் முறை.

மறுநாள் காலையில் பெட்டியிலிருந்து தோகாவை, ரோமக் குடிமக்கள் மட்டுமே உடுத்தும் நீண்ட வெள்ளை மேலாடையை, எடுத்து உடுத்திவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அதை அவன் உடுத்தியது இழவு வீடுகளுக்குத்தான். வாசலில் மீன் பொரிக்கும் ஹிலாரா அவர்களைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள். முன்னாள் அடிமை, பெரிய வாய்.

"எங்க கிளம்பிட்டீங்க சோடியா? மாப்பிள்ளை கணக்கா உடுத்தியிருக்காரே. சபைக்கா? ஐயோ, அப்ப இன்னிக்கு மீன் போணியாகாது. கூட்டம் சீக்கிரம் கலைஞ்சிரும்."

"வாயை மூடுடி" என்றாள் நூமிசியா. ஹிலாரா அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

சபைத் திடலில் எப்போதும் இருக்கும் இரைச்சல் அன்றைக்கு இல்லை. கோயில் படிகளெல்லாம் சிப்பாய்கள். கடைவரிசையை ஒட்டியும் சிப்பாய்கள். நடுவில் கயிறு கட்டி வட்டத்துக்கொரு கூட்டமாக ஆட்களைப் பிரித்து நிறுத்தியிருந்தார்கள். மேடைக்கு ஏறும் பலகைப் பாலத்தின் உச்சியில் கூடை. முன்பெல்லாம் கூடைக்குப் பக்கத்தில் காவலுக்கு நிற்பவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். அன்றைக்கு அங்கே நின்ற சிப்பாய் ஒவ்வொருவன் கையிலிருக்கும் சில்லையும் குனிந்து பார்த்தான்.

கயிற்றுக்குள் பெண்கள் போகக்கூடாது. நூமிசியா வெளியே, ஒரு கடையின் கல்மேடையோரம் நின்றாள். கையில் மடித்த துணி. மானியுஸ் சுபூரா வட்டத்துக்காரர்களோடு உள்ளே நின்றான். அவனை அடையாளம் தெரிந்தவர்கள் மெதுவாக விலகினார்கள். அவனைச் சுற்றி ஒரு சின்ன வெற்றிடம் உண்டானது. யாரும் 'வீட்டுக்குப் போ' என்று சொல்லவில்லை. இரண்டொருவர் அவனைப் பார்த்த பார்வையில், விழேன், சீக்கிரம் விழேன் என்று கெஞ்சல் இருந்தது. அதை அவள் பார்த்தாள். தூணோரம் பாம்ஃபிலுஸ் நின்றான், முகம் சுண்ணாம்பாக.

ஒரு வட்டம் ஓட்டுப் போட்டு முடித்தது. சரி என்று முடிவு அறிவித்தார்கள். அடுத்த வட்டம். அதுவும் சரி. அடுத்தது. அதுவும். சுபூராவின் முறை நெருங்கியது.

மானியுஸ் விழுந்தான்.

நூமிசியா பல்லைக் கடித்துக்கொண்டாள். விழுகிறபோது அவன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டித் தரையில் ஊன்றினான். வலிப்புக்காரன் கை ஊன்ற மாட்டான். மரம் மாதிரி சாய்வான். பிறகு கால்களை உதைத்தான், ஓர் ஒழுங்கில், தாளம் போடுவது மாதிரி. போதாக்குறைக்குக் கண்ணைத் திறந்து ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். கூத்துமேடையில் இதைச் செய்திருந்தால் செருப்பு பறந்திருக்கும்.

ஆனால் ஊர் நம்பியது. நம்ப விரும்பியது. முதலில் ஒருவர் துப்பினார். பிறகு பத்துப் பேர். ஒரு சிப்பாயும், யோசிக்காமல், இடது பக்கம் திரும்பித் துப்பினான். "சபை நோய்!" என்று ஒரு கிழவர் குரல் கிளம்பியது. "கலைஞ்சுது! சபை கலைஞ்சுது!"

திடல் முழுவதும் திரும்பியது. யாரும் ஓடவில்லை, கத்தவில்லை. தோகாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, பாட்டன் காலத்திலிருந்து செய்கிறபடி, முதுகைக் காட்டித் திரும்பினார்கள். ஆயிரக்கணக்கான செருப்புகள் கல்தரையில் தேய்கிற சத்தம். கயிறுகள் தளர்ந்தன. நூமிசியாவின் நெஞ்சுக்குள்ளும் ஏதோ தளர்ந்தது. முட்டாள் மனுஷன், சாதித்துவிட்டானே என்று நினைத்தாள்.

மேடையில் நின்று சபையை நடத்திய அதிகாரி கீழே நின்ற படைத்தலைவனைப் பார்த்தார். கையில் திராட்சைக் கொடித் தடி வைத்திருந்த நரைத்த ஆள். அவன் பக்கத்திலிருந்த சிப்பாயிடம் ஏதோ சொன்னான். சிப்பாய் தன் கனத்த போர்வையைக் கழற்றி, கிடந்த மானியுஸின் மேல் தலையிலிருந்து கால்வரை போட்டு மூடினான். மூடியதோடு நிற்காமல் ஓரத்தின் மேல் காலையும் வைத்துக்கொண்டான்.

கட்டியக்காரன் கூவினான்: "யாரும் எங்கேயும் போக வேண்டாம்! ஒண்ணும் நடக்கல! அடுத்த வட்டம் வரலாம்!"

வெளியேறும் வழிகளில் கேடயங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. முன்னால் போனவர்கள் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் முட்டி நின்றார்கள். போர்வைக்கடியில் ஒரு மனிதன் கிடப்பது எல்லோர் கண்ணிலும் பட்டது. எல்லோரும் வேறு எங்கேயோ பார்த்தார்கள்.

நூமிசியா மட்டும் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் மாற்றத்தை முதலில் கண்டவள் அவள்தான். நடிப்புக் கால்கள் நின்றுபோயிருந்தன. பயந்துபோய் அசையாமல் கிடக்கிறான் என்று நினைத்தாள். பிறகு போர்வையின் நடுப்பகுதி வில் மாதிரி வளைந்து எழும்பியது. அதற்குப் பிறகு வெளியே தெரிந்த இடது குதிகால் கல்லில் அடிக்கத் தொடங்கியது. ஒழுங்கில்லாமல், வேகமாக. இருபது வருஷமாக அவள் கேட்டுப் பழகிய சத்தம்.

ஊர் பார்த்தது பொய். மெய்யானது இப்போது போர்வைக்கடியில் நடந்தது.

மல்லாக்கக் கிடந்தான். வாய்மேல் ஈரக் கம்பளி. எச்சிலும் வாந்தியும் போக வழியில்லை. இப்படியே விட்டால் அடுத்த வட்டம் ஓட்டுப் போட்டு முடிப்பதற்குள் மூச்சு நின்றுவிடும். இப்படி ஒருவன் செத்ததை வைத்தியர் வீட்டில் பார்த்திருக்கிறாள். அந்த ஆளின் மேல் உறவினர்கள் தலையணையைப் போட்டு அழுத்திப் பிடித்திருந்தார்கள், அன்பினால்.

கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போனாள்.

"ஏய்! பொம்பளைக்கு இங்க என்ன வேலை?" தடி அவள் மார்புக்குக் குறுக்கே வந்து நின்றது.

"என் புருஷன் ஐயா."

படைத்தலைவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். பக்கத்து வட்டத்துக்காரர்கள் எல்லோரும் இப்போது இந்தப் பக்கம் திரும்பினார்கள். மேடையில் இருந்த அதிகாரியும் திரும்பினார். "என்ன ஆச்சு இவனுக்கு?" என்று படைத்தலைவன் கேட்டான். குரலை உயர்த்தியே கேட்டான். எல்லோர் காதிலும் விழவேண்டும் என்று.

முதலில் குரல் கொடுத்த கிழவர் கயிற்றோரம் வந்துவிட்டார். "சொல்லும்மா. என்ன நோய்னு சொல்லு. பயப்படாத, சத்தமாச் சொல்லு." தூணோரத்தில் பாம்ஃபிலுஸின் உதடுகள் அசைந்தன.

குதிகால் அடித்துக்கொண்டேயிருந்தது. அவள் எண்ணவில்லை, ஆனாலும் உடம்பு எண்ணியது.

நோய் என்று சொல்லலாம். அது உண்மை. இத்தனை பேர் முன்னால் பெண்டாட்டியே சொல்லிவிட்டால் மறுபடி ஊர் திரும்பக்கூடும். திரும்பாமலும் போகலாம். எப்படியானாலும் அந்தத் தடி விலகாது, போர்வை எழும்பாது. நோய் என்று ஒத்துக்கொண்ட உடம்பை இவர்கள் உயிரோடு வெளியே விடமாட்டார்கள்.

"நோயா?" என்றாள் நூமிசியா. இடுப்பில் கை வைத்தாள். "நோயாவது நொடியாவது! குடி ஐயா, குடி! பொழுது விடியறதுக்கு முன்னாடியே மூக்கு முட்டக் குடிச்சிட்டு, ஓட்டுப் போடப் போறேன்னு தோகாவைச் சுத்திக்கிட்டு வந்திருக்காரு. வீட்டுல விழுந்தது பத்தாதுன்னு ஊர் மத்தியில வந்து விழுந்து என் மானத்தை வாங்கறாரு. ஏன்யா, நீங்கள்லாம் ஆம்பளைங்கதானே, ஒரு குடிகாரனைத் தூக்கி ஓரமாப் போடக்கூடத் தெரியாதா? கம்பளி வேற போத்தியிருக்கீங்க, மகராசன் நல்லாத் தூங்கட்டும்னு! அதுமேல வாந்தி எடுத்தா யாரு தொவைக்கறது?"

சிப்பாய்களில் ஒருவன் சிரித்தான். இன்னொருவன். பயந்து கிடந்த கூட்டத்துக்குச் சிரிக்க ஓர் அனுமதி கிடைத்தது போல அலை அலையாகச் சிரிப்பு பரவியது. சிப்பாய் அவசரமாகத் தன் போர்வையை உருவிக்கொண்டான். கிழவர் மட்டும் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

"குடிகாரன்!" என்று கட்டியக்காரன் கூவினான். "வெறும் குடிகாரன்! சபை நடக்குது! சுபூரா வட்டம் வரலாம்!"

அவள் அதற்குள் மண்டியிட்டு அவனை ஒருக்களித்துப் போட்டுவிட்டாள். வாயிலிருந்து நுரையும் ரத்தமும் வழிந்தன. முகம் நீலம் பாரித்திருந்தது. சிப்பாய் கண்ணில் படாமல் தன் மேலாடை நுனியை இழுத்து அந்த முகத்துக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் விரலைவிட்டுத் துடைத்தாள். ஒரு நீண்ட கரகரப்பு. பிறகு மூச்சு வந்தது.

இரண்டு பேர் காலைப் பிடிக்க, அவள் தலையைப் பிடிக்க, கடை மேடைக்கடியில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். அவன் அடித்துப்போட்டது போலத் தூங்கினான். அவன் வட்டத்துக்காரர்கள் பலகைப் பாலத்தில் ஒவ்வொருவராக ஏறி, சிப்பாயிடம் காட்டிவிட்டுச் சில்லைக் கூடையில் போட்டார்கள். சூரியன் உச்சிக்கு வருவதற்குள் சட்டம் நிறைவேறிவிட்டது.

மறுநாள் காலையில் பெயர்கள் எழுதிய வெள்ளைப் பலகையைத் திடலில் மாட்டினார்கள். அந்தப் பெயர்க்காரர்களைக் கொன்றால் பரிசு, ஒளித்துவைத்தால் தலை போகும். ஹிலாராதான் வந்து சொன்னாள். வாசலில் நின்று முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தாள். "உன் புருஷன் இவ்வளவு பெரிய குடிகாரர்னு தெரியாமப் போச்சேடி. தெரிஞ்சிருந்தா சேர்ந்தே குடிச்சிருப்பேனே." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒபீடியுஸ் பேரு இருக்குதாம். ஆளு இன்னும் அகப்படல. வீட்டைத் தோண்டிப் பாக்கறாங்க. நம்ம தெருமுனையிலயும் நாலு பேரு நிக்கறானுங்க. வெளியில தலைகாட்டாதீங்க."

அவள் போன பிறகு மானியுஸ் படுக்கையிலிருந்து எழுந்தான். வலிப்புக்கு மறுநாள் அவனுக்கு உடம்பு அடித்து நொறுக்கியது போல இருக்கும். நாக்கு வீங்கிப் பேச்சு குழறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு கதவுவரை வந்தான்.

"நான் விழுந்தேன். போர்வை போட்டாங்க. அதுவரைக்கும் தெரியுது. அப்புறம் என்ன நடந்துது?"

"பயத்துல மயங்கிட்ட. நான் தூக்கிட்டு வந்தேன்."

"ஜனங்க திரும்பினாங்கல்ல? செருப்புச் சத்தம் கேட்டுது எனக்கு."

"திரும்பினாங்க. அப்புறம் மறுபடி திரும்பினாங்க."

அவன் நாக்கை வாய்க்குள் சுழற்றிப் பார்த்தான். "இது எப்படிக் கடிபட்டுது?"

நூமிசியா முற்றத்து அடுப்பிலிருந்து இறக்கிவந்த கூழைக் கிளறிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "சிப்பாய் மோவாயில மிதிச்சான். பல்லு எறங்கிடுச்சு."

"மிதிச்சா முனைதானே கடிபடணும்? இது ஓரம். வலிப்பு வந்தாத்தான் அங்க கடிபடும்."

அவள் இன்னும் வேகமாகக் கிளறினாள்.

"நூமிசி, எனக்கு ஒரு வார்த்தை சொல்லு. வந்துதா, வரலையா? நெசமா வந்திருந்தா அந்தச் சபை செல்லாது. சட்டமும் செல்லாது. அந்தப் பலகையும் செல்லாது. நான் போய்ச் சொல்லணும். ஐயா எங்கயோ ஒரு பொந்துல ஒளிஞ்சிக்கிட்டிருக்காரு. விழுந்தவன் நானே போய் நின்னு சொன்னா யாராவது ஒருத்தன் கேப்பான். அந்த ஜனங்க திரும்பினாங்கடி. நான் கேட்டேன்."

கதவின் தாழ்ப்பாளில் அவன் கை இருந்தது. வெளியே ஆணி அடித்த செருப்புகள் கல்லில் உரசிக்கொண்டு போகும் ஓசை. தெருமுனைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

அவனைப் பிடித்து இழுக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வலிமை அவளுக்குத்தான் அதிகம். ஆனால் எத்தனை நாளைக்குப் பிடித்துவைத்திருக்க முடியும்? கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நேராக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வரல" என்றாள். "நீ நடிச்ச. ரெண்டு கையையும் ஊணிக்கிட்டு விழுந்த. நடுவுல கண்ணைத் தொறந்து வேற பாத்த. பச்சைப் பிள்ளைகூட நம்பியிருக்காது. அதான் குடிகாரன்னு சொன்னேன், அதை எல்லாரும் நம்பினாங்க."

மானியுஸ் அவள் முகத்தை நெடுநேரம் பார்த்தான். இருபது வருஷத்தில் வலிப்பு வந்து எழுந்த ஒவ்வொரு தடவையும் அவன் முதலில் பார்ப்பது அந்த முகத்தைத்தான். அதில் பொய் எப்படித் தெரியும் என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? அவன் வாய் ஒரு பக்கமாக அசைந்தது. நாக்கின் ஓரத்தைப் பல்லால் மறுபடி தொட்டுப் பார்த்திருக்க வேண்டும், வலியில் கண் சுருங்கியது.

வெளியே செருப்பு ஓசை கதவுக்கு நேரே வந்து, நின்று, கடந்துபோனது.

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தான். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"கூழு ஆறிடுச்சா?" என்றான்.

"ஆறட்டும். ஆறினாத்தான் அந்த நாக்குக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு நூமிசியா சட்டியை அவன் பக்கமாக நகர்த்திவைத்தாள்.